பின்பக்கமும் நிரப்பவும்

பேனா இருக்கிறதா அக்கா? என்னுடையது இப்போதுதான் இங்கே இருந்தது. இந்த பெஞ்சில்தான் வைத்தேன். பெஞ்சே விழுங்கிவிட்டது போல. நன்றி. ஒரே நிமிடம், எழுதிவிட்டுத் தந்துவிடுகிறேன்.

இந்தத் தாளைப் பாருங்கள். பதினெட்டுக் கேள்வி. உள்ளே இருக்கிற டீச்சர் கொடுத்துவிட்டார். எங்கள் அம்மா கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாள், அப்பாவின் கையெழுத்து அப்பாவுக்கே புரியாது, அதனால் என் தலையில் கட்டிவிட்டார்கள். என் தம்பியைப் பற்றி நிரப்ப வேண்டும். ஆபிரகாம். வீட்டில் அபி. எட்டு வயது. மூன்றாம் வகுப்பில் சேர்க்க வந்திருக்கிறோம். அவன் படித்த பள்ளியையும் சேர்த்தால் இது நாங்கள் ஏறி இறங்கும் ஐந்தாவது பள்ளி அக்கா. பாளையங்கோட்டையில் தெருவுக்கு இரண்டு பள்ளிக்கூடம். காலையில் ரோட்டில் யூனிஃபார்மைத் தவிர வேறு நிறமே தெரியாது. இத்தனை பள்ளியில் என் தம்பி உட்கார ஒரு பெஞ்சு கிடைக்கவில்லை. இங்கேயும் இல்லை என்றால் இந்த வருடம் அவன் வீட்டில்தான். அம்மா சொல்லிவிட்டாள். "இனிமே யார் கால்லயும் விழ எனக்குத் தெம்பு இல்ல."

நீங்கள் டி.சி. வாங்க வந்தீர்களா? அப்படியென்றால் நேரமாகும். க்ளார்க் டீ குடிக்கப் போயிருக்கிறார். நான் பேசிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? மெதுவாகத்தான் பேசுவேன். உள்ளே போகும்போது அம்மா என் காதைப் பிடித்துச் சொன்னது இது: "ஏட்டி ஜெர்லின், இன்னைக்கு யார் குரல்லயும் பேசக் கூடாது. ஒரு குரல் வந்துச்சு, வாயத் தச்சுருவேன்." பார்த்தீர்களா, அச்சு அசல் அம்மா. இது கணக்கில் வராது, உங்களுக்குப் புரிவதற்காகச் செய்தேன்.

எனக்குக் குரல் வரும் அக்கா. யாரை ஒருமுறை கேட்டாலும் வந்துவிடும். ஒரு தடவை அப்பா குரலில் அம்மாவுக்கு போன் போட்டு, "இன்னைக்கு மத்தியானம் அஞ்சு பேரு சாப்பிட வாராங்க" என்றேன். அம்மா ஒரு படி அரிசி உலை வைத்துவிட்டாள். இரண்டு நாள் நாங்கள் பழைய சோறு. எங்கள் தெருவில் என்னால் ஏமாறாத ஆள் கிடையாது. சரி, அதை விடுங்கள்.

முதல் கேள்வி. "ஒரே இடத்தில் உட்கார முடியாமல் நெளிவார்." எப்போதும், சில நேரம், இல்லை என்று மூன்று கட்டம். எப்போதும். அடுத்தது. "மற்றவர் பேசி முடிக்கும் முன் குறுக்கே பேசுவார்." இதெல்லாம் ஒரு கேள்வியா? முடிக்கும் வரை காத்திருந்தால் நாம் சொல்ல வந்தது மறந்துபோகாதா? எப்போதும். "பொருள்களை அடிக்கடி தொலைப்பார்." யார்தான் தொலைக்கவில்லை? நானே இந்த இரண்டு மாதத்தில் இரண்டு குடை, சைக்கிள் சாவி, அம்மாவின் ஆதார் அட்டை. அதற்கு முன்னால் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட். இந்தத் தாளை எழுதினவர் எங்கள் வீட்டு ஜன்னல் பக்கம் நின்றிருக்கிறார் அக்கா, ஆனால் ஆளை மாற்றிப் பார்த்திருக்கிறார். இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் ஊரில் பாதிப்பேர் மாட்டுவார்கள். இதை வைத்து ஒரு பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

எங்கே விட்டேன்? ஆ, பள்ளி.

முதல் பள்ளி அவன் இரண்டாம் வகுப்புவரை படித்தது. அங்கே மணி என்றால் மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. ஒருநாள் பதினொன்றே காலுக்கு அபி வகுப்பிலிருந்து நழுவிப் போய், சுத்தியலை எடுத்து நீள மணி அடித்துவிட்டான். நீள மணி என்றால் வீட்டுக்கு. முந்நூறு பிள்ளைகள் பையோடு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு ஆட்டோ ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது. ஒரு டீச்சரே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டார் என்று கேள்வி. எனக்கு அந்த யோசனை வரவில்லையே என்று இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

ஏன்டா அடித்தாய் என்று கேட்டால் அவன் சொல்கிறான், "அந்தக் கம்பி காத்துல ஆடிக்கிட்டே இருந்துச்சு. நிப்பாட்டிட்டு வந்துருவோம்னு போனேன்." நிஜமாகவே அதற்குத்தான் போனான். பக்கத்தில் சுத்தியல் இருந்தது, கையில் வந்துவிட்டது.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். இரும்புக் கட்டிலைத் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அந்தக் குரல். "மிசஸ் எஸ்தர். உங்க பையன் நல்ல பையன். ரொம்ப நல்ல பையன். வேற ஸ்கூல் பாத்துக்கிடுங்க." டி.சி.யில் நடத்தை என்கிற இடத்தில் "நன்று" என்று எழுதியிருந்தது. நன்று என்றால் ஏன் அனுப்புகிறீர்கள்? நன்று இல்லை என்றால் ஏன் நன்று என்று எழுதுகிறீர்கள்? இதை நான் அப்போதே கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அம்மா அங்கன்வாடி டீச்சர். முப்பது பிள்ளைகளைச் சோறூட்டித் தூங்க வைக்கிறவள். "ஊர்ப் பிள்ளையெல்லாம் மடியில வச்சிருக்கா, பெத்த பிள்ளைய அடக்க முடியல" என்று சர்ச்சில் ஒரு பெரியம்மா பின்வரிசையில் சொன்னது அம்மா காதில் விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் இரண்டு மூன்று தடவை வரச்சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வளர்ப்புக் குத்தம் இல்லம்மா. பிள்ள வேணும்னு செய்யல. கவனமும் ஒரு எடத்துல நிக்காது, ஒடம்பும் நிக்காது. ஏ.டி.எச்.டி. சின்ன வகுப்பா, பொறுமையான டீச்சரா பாத்துச் சேருங்க, பாதிக் கவலை தீந்துரும்." அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள். ஆனால் அது வேறு மாதிரி அழுகை. பையைக் கீழே இறக்கி வைத்த மாதிரி.

அப்பாதான் பயந்தார். "அந்த நாலெழுத்த வெளிய எங்கயும் சொல்லாத எஸ்தர். சொன்னா எவனும் சீட்டு தர மாட்டான்." அம்மா, "சொல்லாம சேத்தா நாளைக்கு அவனத்தான அடிப்பாங்க?" இந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் இதுதான் சண்டை. சொல்வதா, மறைப்பதா. காலையில் தோசையோடு தொடங்கும்.

அப்பா டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறார். அந்த வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இருபது வருடமாக அமுக்கி அமுக்கி, இப்போது வெறும் தரையிலும் அமுக்குகிறார். அபி ஓடத் தொடங்கினால் போதும், அப்பா எங்கே நின்றாலும் வலது கால் தானாக ஒரு அமுக்கு அமுக்கும். சர்ச்சில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில். சிரிக்காதீர்கள் அக்கா. சரி, சிரியுங்கள், நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டாவது பள்ளி பெயர்போன கண்டிப்புப் பள்ளி. கரஸ்பாண்டன்ட் அறையில் பெரிய டி.வி. எல்லா வகுப்பும் கேமராவில் தெரியும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க பாருங்க, மூணாம் வகுப்பு. நாப்பத்தஞ்சு பிள்ளைங்க. ஒரு சத்தம் கேக்குதா? உங்க பையன் ஆறு மாசத்துல அடங்கிருவான்" என்றார். நாற்பத்தைந்து பிள்ளையும் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அபி டி.வி. பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். திரும்பி வந்து சொன்னான்: "சார், உங்க படம் நின்னுபோச்சு."

அம்மா எழுந்துவிட்டாள். "வாங்க போவோம்." அவ்வளவுதான். அப்பா வாசல்வரைக்கும், "சீட்டு தாரேன்னுதான எஸ்தர் சொன்னாரு, சீட்டு தாரேன்னுதான சொன்னாரு" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

மூன்றாவது, பைபாஸ் ரோட்டில் இருக்கிற பெரிய பள்ளி. சுவரில் வண்ண வண்ணமாக எழுதியிருக்கிறது, "ஒவ்வொரு குழந்தையும் ஒரு தனி மலர்." கோ-ஆர்டினேட்டர் மேடம் குரல் எப்படித் தெரியுமா, ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரைக்கும் வழிகிற மாதிரி. "வீ லவ் ஆல் சில்ட்ரன், மேம்." அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நாலெழுத்தையும் சொன்னாள். டாக்டர் சீட்டையும் காட்டினாள். மேடம் சிரிப்பை மாற்றாமலே சொன்னார்: "ஸோ ஸ்வீட் மேம். பட் சீட் எல்லாம் ஃபுல். வெயிட்டிங் லிஸ்ட்ல போடுறோம். நாங்களே கூப்பிடுவோம்."

பத்து நாள் அம்மா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். குளிக்கப் போனால்கூட என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பள்ளிக்கு நானே போன் போட்டேன். வண்ணார்பேட்டையில் பெரிய நகைக்கடைக்காரர் வீட்டம்மா குரலில். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, வளையல் சத்தத்தோடு. வளையலுக்கு இரண்டு கரண்டி. "ஏம்மா, என் பேரன் துபாய்லேந்து வாரான், மூணாங்கிளாஸ், எடம் இருக்காம்மா?" மேடம் உருகிவிட்டார். "ஷ்யூர் மேடம்! பதினேழு சீட் இருக்கு. நாளைக்கே அழைச்சிட்டு வாங்க!"

ஓடிப்போய் அம்மாவிடம் அப்படியே செய்து காட்டினேன். நகைக்கடை அம்மா, மேடம், கரண்டி, எல்லாம். என் வாழ்நாளிலேயே பிரமாதமாகச் செய்தது அன்றைக்குத்தான். அம்மா சிரிக்கவே இல்லை. போனை அலமாரியில் வைத்தாள். உள்ளே போய் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. நான் உண்மையைத்தானே கண்டுபிடித்துச் சொன்னேன்?

இருங்கள், கதவு திறக்கிறது. அவர்தான் அந்த டீச்சர்.

கேட்டீர்களா கொடுமையை? இந்தத் தாளுக்குப் பின்பக்கமும் உண்டாம்! பாருங்கள், அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள், "பின்பக்கமும் நிரப்பவும்" என்று. யார் கண்ணுக்குத் தெரியும்? முன்பக்கத்திலும் பதினொன்றாம் கேள்வியோடு நிறுத்தியிருக்கிறேனாம். உங்களோடு பேசிக்கொண்டிருந்ததில் விட்டுப்போய்விட்டது. நல்லவேளை, அவர் திட்டவில்லை. "பரவாயில்லம்மா, மீதிய அம்மாட்ட கேட்டு நானே எழுதிக்கிடுதேன்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கணக்குப் பரீட்சையில் எனக்கு இதே மோசடிதான் நடந்தது அக்கா. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கடைசி இரண்டு கணக்கும் பின்பக்கத்தில். கிராப்பும் ஜியோமெட்ரியும். பதினாறு மார்க். நான் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பிரெண்ட்ஸ் எல்லாம் "கிராப் ஈசி"ங்கிறார்கள், எந்த கிராப் என்று கேட்கிறேன். அந்தப் பதினாறு போனதில் கேட்ட குரூப் கிடைக்கவில்லை. இப்போது வரலாறு குரூப். அதுவும் நல்ல குரூப்தான். கட்டபொம்மன், வெள்ளைக்காரத் துரை, எல்லாக் குரலும் செய்யலாம். வீட்டில் இரண்டு நாள் ஒரே திட்டு. "வாயி கெடக்க கெடையில கண்ணு எங்க பாக்கும்?" இது அப்பா. என்னுடைய ரிப்போர்ட் கார்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லா டீச்சரும் ஒரே வரியைத்தான் எழுதினார்கள். "அதிகம் பேசுகிறாள், கவனம் தேவை." பேசி வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்னவோ. எட்டாம் வகுப்போடு என் பள்ளியையும் மாற்றினார்கள். ஆனால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கொஞ்சம் மறதி. அவ்வளவுதான். நான் ஓட மாட்டேன், மணி அடிக்க மாட்டேன். என்னை யாரும் எந்த டாக்டரிடமும் கூட்டிப்போனதில்லை.

நாலாவது பள்ளி. இதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே சீட் போனதற்குக் காரணம் நான் இல்லை.

அந்தத் தடவை அப்பா முறை. நாலெழுத்தைச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. சிபாரிசுக் கடிதத்துக்குச் சர்ச் போதகர் ஐயாவிடம் போனோம். அவர் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஜெபம் பண்ணுவார், அது எப்படியும் கால் மணி நேரம். "கர்த்தாவே... இந்தச் சின்ன மகனுக்காக..." என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு பஸ் போகிற இடைவெளி விடுவார். அபி ஒவ்வொரு இடைவெளியிலும் சத்தமாக "ஆமென்" என்றான். ஐயா திரும்பவும் தொடங்குவார். "ஆமென்." பத்துப் பதினொன்று ஆமென் ஆனது. அப்பாவின் கால் தரையில் அமுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஐயா கண்ணைத் திறந்து, "ஆமென்" என்று அவரே முடித்துவிட்டார். கடிதத்தில் "சாந்தமான பிள்ளை" என்று எழுதினார். பாவம், அவருக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

விண்ணப்பம் வாங்கப் போனபோதே அந்தப் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் வாட்ச்மேனைத் திட்டுவதைக் கேட்டுவிட்டேன். மூக்கால் பேசுவார். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு "ஓக்கே?" கேள்வி கேட்டால் கடைசி எழுத்தைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போவார். இன்டர்வியூ எங்கள் சித்தி மகனுக்கும் அங்கேதான் நடந்தது, அதே கேள்விகளைத்தான் வருடா வருடம் கேட்பார். ஆகவே அபிக்கு நான் வீட்டில் ஒத்திகை வைத்தேன். மேஜை, நாற்காலி, அம்மாவின் கண்ணாடி என் மூக்கில். "வாட் இஸ் யுவர் குட் நேம், கண்ணாஆ? ஓக்கே? வாட் இஸ் யுவர் ஃபாதர், கண்ணாஆ? ஓக்கே?" அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் உட்கார்ந்திருந்தான். இருபது நிமிடம் அக்கா! அபி இருபது நிமிடம் ஒரு நாற்காலியில்! அம்மா சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, நான் குரல் போட்டால் அவன் எப்போதும் உட்காருவான். வாய்ப்பாடெல்லாம் அப்படித்தான். ஏழாம் வாய்ப்பாடு எங்கள் தெரு மீன்காரம்மா குரலில்: "ஏழேழு நாப்பத்தொம்போது! வாம்மா வாம்மா! ஏழெட்டு அம்பத்தாறு, ஐஸ் வைக்காதது!" இலை எப்படிச் சமைக்கிறது என்கிற அறிவியல் பாடம், இலை பேசுவது மாதிரி, எங்கள் தெருவில் மாமியார் சண்டைக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவள் குரலில். "வெயில் இல்லாம என்னத்தப் பொங்க?" என்று. அதெல்லாம் படிப்பு இல்லை அக்கா, சும்மா விளையாட்டு. எனக்கும் பொழுது போகும்.

இன்டர்வியூ அன்று அபிக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, ஷூ மாட்டி, நான் வாசல் பெஞ்சில். கதவு பாதி திறந்திருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "வாட் இஸ் யுவர் குட் நேம், கண்ணாஆ? ஓக்கே?"

அபி ஒரு நொடி பார்த்தான். பிறகு நாற்காலியோடு சேர்ந்து குலுங்கத் தொடங்கினான். "அம்மா! இந்த மிஸ் அக்கா மாதிரியே பேசுதாங்கம்மா! மிஸ், மிஸ், இன்னொருக்கா சொல்லுங்க மிஸ்!" அவர் அதிர்ந்துபோய் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். அபி முந்திக்கொண்டான், அதே மூக்கில், அதே மாடி: "வாட் இஸ் யுவர் ஃபாதர், கண்ணாஆ? ஓக்கே?" வாட்ச்மேன் வாசலில் நின்றபடி சிரித்துவிட்டார். அதுதான் சீட்டைக் கெடுத்தது. வாட்ச்மேன் சிரித்திருக்கக் கூடாது.

"ஹூ டாட் ஹிம் திஸ்? வீட்ல யாரு இத சொல்லிக்கொடுக்கிறது?" என்று கேட்டார். அப்பாவின் கால் தரையில் ஒரு அமுக்கு அமுக்கியது. அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அபி மட்டும் பெருமையாக வாசலைக் காட்டினான். "எங்க அக்கா! அவ உங்கள விட நல்லா பேசுவா மிஸ்!"

என்னால் இல்லை அக்கா. நீங்களே சொல்லுங்கள். தினமும் ஒரே மாதிரிப் பேசி, வருடா வருடம் ஒரே கேள்வியைக் கேட்டால் அது யார் தப்பு? அவன் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தான். ஒருத்தரும் பதிலைக் கேட்கவே இல்லை. அதுதானே என் ஆத்திரம். ஐந்து பள்ளி ஏறி இறங்கினோம், அவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா என்று எவராவது கேட்டார்களா? உட்காருவானா, உட்காருவானா, உட்காருவானா. உட்காருவதற்குத்தான் பள்ளி என்றால் என் தாத்தாவைச் சேர்த்திருக்கலாமே.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. அபி மட்டும் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "அக்கா, எனக்கு ஸ்கூலே கெடைக்காதா?" என்று கேட்டான். நான் மீன்காரம்மா குரலில், "கெடைக்கும் ராசா, ஃப்ரெஷ்ஷா ஒண்ணு வருது" என்றேன். அவன் சிரிக்கவில்லை. முதல் தடவையாக. "சும்மா ஒன் குரல்ல சொல்லு" என்றான்.

என்னால் இல்லை. சரியா. விடுங்கள்.

இந்தப் பள்ளியை அம்மாவோடு வேலை பார்க்கிற ஆயா சொன்னார். சின்னப் பள்ளி, வகுப்புக்கு இருபது பேர், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு டீச்சர். ரெஜினா டீச்சர். இப்போது வந்தாரே, அவர்தான். காலையில் அவர் அபியிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. "அந்த வாளியில தண்ணி இருக்கு, இந்தச் செடிக்கெல்லாம் ஊத்துதியா? நடந்துக்கிட்டே பேசுவோம்" என்றார். அப்பாவின் கால் அமுக்கத் தயாராக இருந்தது, அமுக்க வேலையே வரவில்லை. அம்மா எடுத்த எடுப்பிலேயே நாலெழுத்தைச் சொல்லிவிட்டாள். டீச்சர், "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். உங்கள் மகனுக்குச் சளி என்று சொன்னால் சொல்வோமே, அந்த மாதிரி "சரிம்மா."

ஒரு குறை உண்டு அக்கா. இந்த டீச்சர் குரலை மட்டும் என்னால் பிடிக்க முடியவில்லை. காலையிலிருந்து மனதுக்குள் போட்டுப் பார்க்கிறேன். மூக்கு இல்லை, இழுவை இல்லை, "ஓக்கே" இல்லை. பிடித்துக்கொள்ளக் கைப்பிடியே இல்லாத குரல். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

ஐயோ, திரும்பவும் வருகிறார். என் பக்கம்தான். நான் மெதுவாகத்தானே பேசினேன்?

போய்விட்டாரா? நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள். என்னிடம் என்னவெல்லாம் கேட்கிறார் பாருங்கள்! பின்பக்கத்தில் "குழந்தை எதில், யாரோடு இருக்கும்போது கவனமாக இருக்கிறது?" என்று ஒரு கேள்வியாம். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. அபியே சொல்லியிருக்கிறான், "அக்கா பாடம் பேசும்போது." அதற்காக என்னை வந்து பார்க்கிறாராம். நான் உடனே, "டீச்சர், இன்னைக்கு நான் ஒரு குரலும் போடல, சத்தியமா" என்றேன். "கதவு வழியா கேட்டுச்சும்மா, வளையலுக்கு ரெண்டு கரண்டி, அது நல்லா இருந்துச்சு" என்கிறார்! அதற்கப்புறம் என் வயது, வகுப்பு, கணக்கில் எத்தனை மார்க், எதில் போயிற்று. நான் பின்பக்கக் கதையைச் சொன்னேன். ஹால் டிக்கெட்டையும் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை அக்கா. எல்லாரும் சிரிக்கிற கதை அது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, நான் பேசி முடிக்கும் வரை பேசாமல் நின்றார். அப்படி யாராவது நின்றால் எனக்கு அடுத்து என்ன சொல்வதென்றே தெரிவதில்லை.

அதோ, அம்மா வருகிறாள். அம்மா! என்னாச்சு? சொல்லும்மா!

அக்கா! திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்! மூன்றாம் வகுப்பு, ரெஜினா டீச்சர் கூடவே இருப்பாராம்! அப்பாவைப் பாருங்கள், இரண்டு காலும் தரையில் படாமல் குதிக்கிறார்! அபி எங்கே? அதோ, இன்னும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். அது செடி இல்லை, க்ளார்க்கின் சைக்கிள். பரவாயில்லை, ஊற்றட்டும்.

அம்மா ஏன் என்னையே பார்க்கிறாள்? சீட் கிடைத்தவள் சிரிக்க வேண்டாமா? வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போகிறாள். இன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லையே. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அதே முகம்.

இதோ, கையில் இன்னொரு தாளை வேறு கொடுத்துவிட்டுப் போகிறாள். "டீச்சர் தந்தாங்க. அவசரம் இல்லையாம். நிதானமா, நீயே நிரப்பித் தருவியாம்" என்று.

பாருங்கள் அக்கா, அதே தாள். அதே பதினெட்டுக் கேள்வி. இப்போதுதானே எழுதிக் கொடுத்தோம்? ஐந்தாவதாக ஒரு நல்ல பள்ளி கிடைத்தது என்று நினைத்தால் இங்கேயும் கவனம் பத்தாது போலிருக்கிறது. மேலே பெயர் என்கிற இடத்தைப் பாருங்கள். அபியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டீச்சர் தன் கையாலேயே "ஜெர்லின்" என்று எழுதிவைத்திருக்கிறார். வயது, பதினாறு. வகுப்பு, பிளஸ் ஒன். அக்கா பெயரையும் தம்பி பெயரையும் இப்படியா குழப்புவார்கள்!

போகட்டும், டீச்சர் நல்லவர். மனது நோகக் கூடாது. நானே அடித்துவிட்டு அபி பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இந்தத் தடவை பின்பக்கத்தையும் பார்த்துத்தான் எழுதுவேன், பாருங்கள்.

கொஞ்சம் பேனா தாருங்கள்.

தந்துவிட்டீர்களா? எப்போது? எனக்கா?

இங்கேதானே வைத்தேன்.